இடது கால், பாறசாலை

எங்கள் பக்கத்தில் பலரும் அவரைச் செத்த மேடம் என்றுதான் சொன்னார்கள். செத்துக் கிடக்கும் எதையும் குனிந்து எடுத்துப் பார்க்கிறவர் என்பதால் வந்த பெயர். நான் வெறும் மேடம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதில் மரியாதை பாதி, வியாபாரம் பாதி. பாறசாலையிலிருந்து அமரவிளை போகிற ரோட்டோரத்தில் எனக்கு அலுமினியமும் கண்ணாடியும் வேலை செய்கிற கடை இருக்கிறது. ஜன்னல், குளியலறைக் கதவு, பேக்கரிக்குப் பலகார அலமாரி, இதுதான் தொழில். கலைக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

முதல்நாள் அவர் வந்தபோது ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மீன்கூடை இருந்தது. கூடைக்குள் வாழையிலை, இலைமேல் ஒரு கீரி. நெடுஞ்சாலையில் லாரி ஏறிய கீரி. அதை இலையோடு தூக்கி, நான் கண்ணாடி அறுக்கிற மேசைமேல் வைத்தார்.

“இதுக்க அளவுக்கு ஒரு பெட்டி வேணும் தம்பி. அஞ்சு பக்கமும் கண்ணாடி, அடியில மட்டும் பலகை.”

நான் மூக்கைப் பொத்தினேன். “மேடம், நாறுது.”

“நாறட்டு. நாறுகது அதுக்க வேலை. அளவு எடுக்கது உனக்க வேலை.”

எடுத்தேன். வாலையும் சேர்த்து அளக்கச் சொன்னார். நான் டேப்பைத் தொடாமல் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் கையை விலக்கி, வாலைத் தாமே நீட்டிப் பிடித்தார். ஐம்பது வயது இருக்கும். கைத்தறி ஜிப்பா, ஆம்பிளை வாட்ச், நகக்கண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர். பழைய மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். வடக்கே எங்கேயோ போய்ச் சிற்பம் படித்து, பல ஊர் சுற்றி, கடைசியில் அமரவிளையில் ஆற்றுப்பக்கம் இருந்த குடும்ப வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்திருந்தார்.

அவர் செய்ததை இப்போது எனக்கு நன்றாகவே சொல்லத் தெரியும், அத்தனை பெட்டி செய்திருக்கிறேன். செத்த உயிருக்குள் பஞ்சடைத்து நிறுத்தி வைப்பது பழைய மியூசியக்காரர்களின் வழி. இன்றைக்கு வீட்டில் அப்படிச் செய்தால் வனத்துறை ஜீப் வாசலில் வந்து நிற்கும். அதனால் அவர் உடலின்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். உடலைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, அந்த அச்சில் மறுபடியும் பிளாஸ்டர் வார்த்து, அதே உருவத்தை வெள்ளையாக வெளியே எடுப்பார். நிறம் பூசமாட்டார். நசுங்கின வயிறு நசுங்கினபடியே வரும், உடைந்த பல் உடைந்தபடியே வரும். அது என் பெட்டிக்குள் போகும். பக்கத்தில் மியூசியத்தில் இருப்பதுபோலவே ஒரு சின்ன அட்டை: என்ன உயிர், எந்த ஊர், எந்தத் தேதி, கண்டெடுத்தவர் பெயர். அட்டை ஆங்கிலத்தில் இருக்கும், பொடி எழுத்து. நெய்யாற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் சேர்த்து ஒரு முழு மியூசியத்தையே உண்டாக்கிக்கொண்டிருந்தார். பூவார் கழிமுகத்தில் ஒதுங்கிய ஆமை, அணைப்பக்கம் கிடைத்த உடும்பு, ரப்பர் தோட்டத்தில் ஷாக்கடித்து விழுந்த வௌவால் எல்லாம் என் மேசைக்கு வந்து போயின.

இதற்கெல்லாம் ஆரம்பம் எது என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் பள்ளியிலிருந்து ஒரு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அங்கே பெரிய ஜாடியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி. மற்றப் பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடியபோது இவர் மட்டும் நின்றார். டீச்சர் வந்து, பார்க்காதே என்று கையால் கண்ணைப் பொத்தினாள்.

“பின்ன என்ன செஞ்சிய?”

“டீச்சருக்க கையக் கடிச்சேன்” என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாகத்தான் கடித்திருப்பார் என்று தோன்றியது.

அவரை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால், கண்ணை எடுக்காதவர் என்பேன். நாமெல்லாம் ஒன்றைப் பார்ப்போம், சங்கடமாக இருந்தால் வேறு பக்கம் பார்ப்போம், பிறகு திருட்டுத்தனமாக ஒருமுறை பார்ப்போம். அவருக்கு அந்த நடுவில் உள்ளது கிடையாது. பார்க்க ஆரம்பித்தால் பார்த்து முடிக்கும்வரை பார்ப்பார். அதற்கிடையில் யாராவது ஐயோ என்றாலோ, அழகு என்றாலோ அவருக்குக் கோபம் வரும். “சந்தம்ணும் சொல்லாத, அசிங்கம்ணும் சொல்லாத. என்ன இருக்குணு மட்டும் சொல்லு” என்பார். கண்டதைச் சொல்வதிலும் அப்படித்தான். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், ஒரு சொல் குறைக்கவும் மாட்டார்.

ஒருமுறை கடையில் கண்ணாடி சரிந்து என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ரத்தம் மேசையில் சொட்டியது. அவர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டுப் போடத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, முதலில் பார்த்தார். விரலால் வெட்டை லேசாக விரித்து, “உள்ள மஞ்சளா இருக்குல்லா, அது உனக்க கொழுப்பு. பாத்துக்க, இனி எப்பம் காணப் போற” என்றார். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் துணியைக் கிழித்துக் கட்டினார். டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்து, யார் கட்டியது, அருமையாக இருக்கிறது என்று கேட்டார். அதுதான் அவர். உதவி கிடைக்கும், ஆனால் அவர் பார்த்து முடித்த பிறகு.

ஊர்க்காரர்கள் முதலில் அவரைக் கண்டு பயந்தார்கள். பிறகு அந்த அட்டையில் பெயர் வருகிறது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் பக்தி வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே கோயிலிலோ சர்ச்சிலோ ஒரு டியூப்லைட் மாட்டினால், வெளிச்சம் வருகிற இடத்தின்மேலேயே கொடுத்தவர் பெயரை எழுதிவிடுவார்கள். ஃபேன் சுற்றும்போது பெயர் தெரியவில்லை என்று கரண்டை நிறுத்தச் சொன்ன ஆளையும் எனக்குத் தெரியும். நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. எங்கள் சர்ச்சுக்கு வாசல் கதவு முழுவதும் கண்ணாடியில் செய்து கொடுத்து, அதில் அப்பாவின் பெயரை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினேன். அரையடி எழுத்து. கொடுத்தவன் பெயர் இல்லாவிட்டால் அது காணிக்கை இல்லை, களவு கொடுத்தது என்பதுதான் எங்கள் கணக்கு.

அதனால் செத்த உயிர்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில், சாகாததும் செத்து வர ஆரம்பித்தது. கள்ளிக்காட்டிலிருந்து ஒரு ரப்பர் வெட்டுகிறவர் மீன்கொத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டி அளவுக்காக நானும் அன்று மேடம் வீட்டில் இருந்தேன். மேடம் குருவியைக் கையில் வாங்கி, கழுத்தைத் தடவி, தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“சூடா இருக்கே.”

“வெயில்ல கிடந்தது மேடம்.”

மேடம் அவருடைய பெயரையும் வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பெட்டி முடிந்ததும் அந்த மனுஷன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, போனில் ஸ்டேட்டஸ் போட்டார். அன்று ராத்திரி கல்லூரியில் படிக்கிற அவருடைய மகள் அட்டையைப் பெரிதாக்கி வாசித்திருக்கிறாள். மற்ற எல்லா அட்டையிலும் கண்டெடுத்தவர் என்று இருக்கும். இதில் கொன்றவர் என்று இருந்தது. தேதி, ஊர், முழுப்பெயர், கொன்றவர். அதற்குள் ஸ்டேட்டஸை எத்தனையோ பேர் பார்த்து, கைகூப்பும் படமெல்லாம் அனுப்பி முடித்துவிட்டார்கள். அவர் வந்து மேடத்தின் வாசலில் நின்று அழுதார். மாற்றச் சொன்னார். மேடம் சமையல் செய்தபடியே, “வேற என்ன எழுத?” என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போய்விட்டார். அன்று நான் அதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இனி அம்மையின் கதைக்கு வரவேண்டும். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. மனைவி வெளிநாட்டில் நர்ஸ், மகளும் அவளோடு இருக்கிறாள். வீட்டில் நானும் அம்மையும் மட்டும்தான். அம்மையின் பெயர் ஞானாபரணம். அவளுக்கு இடது காலில் மந்து, யானைக்கால் என்று சொல்வார்களே அது. என்னைப் பெறும் முன்பே வந்தது. முழங்காலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அம்மை அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டே ஆயுளைக் கழித்தாள். சர்ச்சுக்கு முதல் மணி அடிக்கும் முன்பே போய் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள், எல்லாரும் போன பிறகுதான் எழும்புவாள். அவள் நடப்பதைச் சபையில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. நடையில் ஏதோ கோளாறு என்று தெரியும், அவ்வளவுதான். அப்பா இருந்தவரை அந்தக் கால் கிடக்கும் பக்கமாக ஒருநாளும் படுத்ததில்லை. நான் அவள் பெற்ற மகன், நானும் அதைத் தொட்டதில்லை. ஆனால் என் முன்னால் மட்டும் அம்மை மூடமாட்டாள். வீட்டில் நான் மட்டும் இருந்தால் சேலையை ஏற்றிவிட்டு, காலை நீட்டிப் போட்டு, காற்றாட உட்கார்ந்திருப்பாள். உலகத்தில் ஒரே ஒரு ஆள் முன்னால் அவளுக்கு அந்தச் சுகம் இருந்தது.

ஒருநாள் மேடம் என்னைத் தேடிக் கடைவழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். அம்மை பதறிப்போய்ச் சேலையை இழுத்தாள்.

“மூடாண்டாம் மாமி” என்றார் மேடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஒண்ணு பாக்கட்டா?”

அம்மை என்னைப் பார்த்தாள். மேடம் அதற்குள் பார்க்க ஆரம்பித்திருந்தார். அரை மணி நேரம் பார்த்தார். வலிக்குமா என்று கேட்கவில்லை. எத்தனை வருஷமாச்சு, எந்த டாக்டர், பாவமே, கர்த்தர் சுகம் தருவார், இப்படி ஒன்றும் சொல்லவில்லை. “இந்த மடிப்புக்குள்ள வேர்க்குமா?” என்று கேட்டார். “இந்த விரலு உங்களுக்கு இருக்குணு தெரியுமா, இல்ல மறந்து போச்சா?” என்று கேட்டார். அம்மை ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். அவளிடம் அந்தக் காலைப் பற்றி யாரும் எதையும் அறிந்துகொள்ள விரும்பியது அதுதான் முதல்தடவை. பிறகு மேடம் கையை வைத்தார். அம்மை காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று நாளும் மேடம் வந்தார். அம்மை சம்மதிக்க, காலுக்கு அச்சு எடுக்க, எலும்பு முறிந்தால் சுற்றுகிற பிளாஸ்டர் துணியை நனைத்து நனைத்துச் சுற்றினார். நான் வாளியில் வெள்ளம் கொண்டுவந்து வைத்தேன்.

“சூடெடுக்குதே பிள்ளே!”

“பிளாஸ்டர் பிடிக்கப்பம் சூடாகும் மாமி. பயப்படாண்டாம். இப்பம் ஆறும்.”

அம்மை கூச்சத்தில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு மேடத்தின்மேல் அன்று வந்தது பொறாமை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருஷம் கூடவே இருந்து நான் செய்யாததை அந்த அம்மாள் மூன்று நாளில் செய்துவிட்டார்.

அம்மை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். “இங்க உள்ளவிய ஆரும் அறியப்பிடாது மக்கா.”

“இது கொச்சிக்குப் போறதாக்கும் மாமி. இங்க வைக்கல்ல.”

இரண்டு வாரம் கழித்து மேடம் எனக்குப் போன் செய்தார். நான் ஒரு வீட்டில் மாடி ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் டிரில், ஒரு கையில் போன்.

“தம்பி, அட்டை அச்சுக்குப் போகுது. மாமிக்க பேரு போடணுமா, வேண்டாமா? ஒரு பெண் என்று மட்டும் போட்டாலும் மதி.”

நான் யோசிக்கவே இல்லை. மீன்கொத்தியைக் கொன்றவனுக்குப் பெயர் உண்டு, உடும்பைக் கொண்டுவந்தவனுக்குப் பெயர் உண்டு, தன் காலையே கொடுத்த என் அம்மை மட்டும் ஒரு பெண்ணா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மை சொன்ன நிபந்தனை அந்த நேரத்தில் ஞாபகத்தில்கூட இல்லை.

“பேரு போடுங்க மேடம். முழுப்பேரும் போடுங்க, ஊரும் போடுங்க.”

“சரி” என்று வைத்துவிட்டார். அவர் ஞாபகப்படுத்தியிருக்கலாம். மாமி வேண்டாம் என்றாரே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொச்சியில் அந்த வருஷம் பெரிய கலைக் கண்காட்சி. என் பெட்டிகள் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் வரிசையாக நின்றன. உலகத்து ஆட்களெல்லாம் வந்து பார்க்கிறார்கள், நமக்கென்ன என்று நான் இருந்தேன். சபைப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து ஊர்சுற்றப் போவார்கள். அந்த வருஷம் கொச்சி. படகு பார்த்து, மால் பார்த்து, நேரம் மீதி இருந்ததால் கண்காட்சிக்குள்ளும் நுழைந்திருக்கிறார்கள். நடுப்பெட்டியில் முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கால். மடிப்புகளெல்லாம் அப்படியே. கீழே அட்டை: இடது கால், பாறசாலை. கொடுத்தவர் ஞானாபரணம். பஸ் கொல்லம் தாண்டும் முன்பே படம் பாறசாலைக்கு வந்துவிட்டது.

யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நான் இரண்டு பேரை அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லாருக்கும் அம்மையின்மேல் இரக்கம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர், நல்ல மனுஷன், வயதில் சின்னவர், ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும்போது மைக்கில் சொன்னார்: “நம்முடைய மூத்த சகோதரி ஞானாபரணம் அம்மாளின் இடது காலுக்காக நாம் பாரத்தோடு ஜெபிப்போம்.” கண்ணை மூடும் முன்பு சபை முழுவதும் ஒருதடவை கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்து யாரும் போகவில்லை. பெண்கள் கடைசி பெஞ்சைச் சுற்றி வந்து நின்றார்கள். “வாருங்க அக்கா, நாங்க பிடிக்கோம்” என்றார்கள்.

“நீங்க போங்க. நான் பைய வாறேன்.”

“உங்கள விட்டுட்டுப் போவமா?”

அம்மை உட்கார்ந்தே இருந்தாள். அவர்களும் நின்றார்கள். நேரம் உச்சியைத் தாண்டியது, ஒருத்தியும் நகரவில்லை. அன்பென்றால் அப்படி ஒரு அன்பு. கடைசியில் அம்மைக்கு வேறு வழியில்லை. எழும்பி, பெஞ்சைப் பிடித்து, நடந்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வழிவிட்டார்கள், ஒருவர் கண்ணும் அவள் முகத்தில் இல்லை. நான் வாசலில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவு என்பதால் வெளியே நின்றவர்களுக்கும் நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மை அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“எலே, எனக்க பேர அவ என்னத்துக்குப் போட்டா?”

“எனக்குத் தெரியாதும்மா. அவிய அப்படித்தான்” என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. மறுநாள் அமரவிளைக்குப் போனேன், சண்டை போடுகிற வேகத்தில். மேடம் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“போடச் சொன்னது நீயல்லியா?” என்றார்.

“நான் சொன்னேன். நீங்க படிச்சவிய. அம்மை வேண்டாம்ணு சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துது?”

“விழுந்துது. மகன் வேற மாதிரி சொன்னான். ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். பேரு உள்ளது எனக்கும் வேணும்ணு இருந்துது, எடுத்தேன்.”

இப்படி ஒருவர் தன் சுயநலத்தையும் கீரியின் நீளத்தைச் சொல்வதுபோலச் சொன்னால் என்ன சண்டை போடுவது? பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். வெளிநாட்டில் ஒரு மியூசியம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டிருக்கிறது, நடுவில் ஒன்றை உருவ முடியாது என்றார். என் வேகமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. கடைசியில் வெட்கம் கெட்டுப்போய் அவரிடம் கெஞ்சினேன். ஊர் பார்த்தது பார்த்தாகிவிட்டது. இனி எனக்கு இருக்கிறது அம்மை மட்டும்தான். நான் சொல்லித்தான் பெயர் போட்டது என்று அவளிடம் சொல்லிவிட வேண்டாம் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நானா சொல்லமாட்டேன். மாமி கேட்டா சொல்லுவேன்.”

அதோடு அம்மை கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாகிவிட்டது. அம்மை சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பார்க்க வருகிற பெண்களை நானே வாசலில் திருப்பி அனுப்பினேன். அவள் எதிர்பார்த்தது ஒரே ஆளைத்தான். “அந்தப் பிள்ளைய இஞ்ச காணல்லியே” என்பாள். பெயரைப் போட்டவள் என்று நம்பிக்கொண்டுதான் கேட்டாள், கோபத்தோடுதான் இருந்தாள், ஆனாலும் அவளுக்கு மேடத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாடு போயிருக்கிறார் என்று சொன்னேன். கடையில் பெட்டி வேலையையும் விட்டுவிட்டேன். மேடம் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஐந்து மாதம் அப்படிப் போனது.

ஒருநாள் சாயங்காலம் நான் ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் நின்றபோது அந்த ஸ்கூட்டர் என் கடையைத் தாண்டி வீட்டுச் சந்துக்குள் திரும்பியது. குடித்த கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியாது, ஓடினேன். செருப்போடு உள்ளே நுழைந்தேன்.

அம்மை கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். சேலை முழங்கால்வரை ஏறியிருந்தது. மேடம் தரையில் உட்கார்ந்து, ஒரு விரலை மடிப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மடிப்பு கூடியிருக்கு, இல்லியா பிள்ளே?”

“ஒண்ணில்ல மாமி, ரெண்டு.”

அம்மை சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். என்னைக் கண்டதும், “பாரு மக்கா, இவ வெளிநாட்டுக்கெல்லாம் போகல்லியாம். நாளைக்குத்தான் போறாளாம், சொல்லிட்டுப் போக வந்திருக்கா” என்றாள். அதில் என் பொய் ஒன்று உடைந்ததை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு மேடத்தின் தோளில் கைவைத்து, வழக்கு ஒன்றைத் தீர்த்துவிட்டு மன்னித்துவிடுகிற குரலில் கேட்டாள்.

“எல்லாம் போகட்டு. நீ எனக்க பேர என்னத்துக்கு மக்கா போட்ட? ஆரும் அறியப்பிடாதுண்ணுதானே நான் சொன்னேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் கையைக் கூப்பவில்லை, தலையை ஆட்டவில்லை, ஆனால் நான் கேட்டது அவருக்குப் புரிந்தது. ஒரு சின்னப் பொய் போதும். தெரியாமல் போட்டாச்சு மாமி என்றாலே போதும், அம்மை விட்டுவிட்டிருப்பாள், அவள் விடுவதற்குத்தான் கேட்டாள். மேடம் அம்மையின் பக்கம் திரும்பினார்.

“உங்க மகன் சொன்னான் மாமி. போன்ல. முழுப்பேரும் போடு, ஊரும் போடுணு சொன்னான்.”

அம்மை உடனே என்னைப் பார்க்கவில்லை. “அப்பம் நீயில்ல” என்றாள்.

“போட்டது நான். சொன்னது அவன்.”

அம்மை குனிந்து, முழங்காலில் கிடந்த சேலையை இறக்கினாள். முதலில் மடிப்புகளை மூடினாள், பிறகு பாதத்தை மூடினாள், நுனியை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் செருகினாள். ஆட்கள் நடுவே உட்காரும்போது செய்வதுபோல, அவசரமில்லாமல், ஒழுங்காகச் செய்தாள். மேடத்தின் முன்னால் அத்தனை நேரம் திறந்து கிடந்த கால் அது. இப்போது மூடியது என்னிடமிருந்து என்பது எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது.

“நீ கடைக்குப் போ மக்கா” என்றாள் என்னிடம். குரலில் கோபமே இல்லை. “பிள்ளை இரிக்கட்டு.”

மேடம் மறுநாள் போனவர்தான், பிறகு திரும்பவில்லை. அமரவிளை வீடு கைமாறிவிட்டது. அவரை இன்றும் நான் வெறுக்கிறேன். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதற்காகவே வெறுக்கிறேன்.

அம்மை அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தாள். சோறு என் கையால்தான் வாங்கித் தின்றாள், மாத்திரையும் என் கையால்தான். ஒருநாளும் எதையும் குத்திக்காட்டவில்லை. ஆனால் வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், உள்ளே அவள் சேலையை இழுத்துவிடுகிற சத்தம் கேட்கும்.